வார்டன் அறையில் இரண்டு நைனா

1

கனடாவில் நான் குடியிருக்கும் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரக் கார் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம். என் மகள் மேகனா அங்கே இரண்டாம் வருஷம் படிக்கிறாள். போன மாதம் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த அம்மாள் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "ஐயா, அப்படி ஒரு மாணவி இங்கே படிக்கிறாரா இல்லையா என்பதைக்கூட உங்களிடம் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை."

"நான் அவளுடைய அப்பா" என்றேன்.

"இருக்கலாம். பதினெட்டு வயது முடிந்தவர்களைப் பற்றி அவர்கள் எழுத்தில் சம்மதம் தராமல் யாரிடமும் பேசமாட்டோம்."

இருக்கலாமாம். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் அதிகாரத்தில் இருப்பவர் குரலைக் கேட்டால் என் இங்கிலீஷ் பாதி வழியில் நின்றுவிடும். அன்றைக்கும் நின்றது. அந்த அம்மாளையே "சார், சார்" என்று கூப்பிட்டேன். பேசுவது போனில்தான், ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி சுஜாதா, "உக்காந்துக்கினு பேசு. அவங்க இன்னா பாக்கவா போறாங்க?" என்றாள்.

விஷயம் இதுதான். மேகனா தன் சிநேகிதி பெயரில் இணையத்தில் ஒரு பரீட்சை எழுதிக் கொடுத்திருக்கிறாள். மாட்டிக்கொண்டாள். மாணவர் நடத்தையைக் கவனிக்கிற அலுவலகம் விசாரணைக்குக் கூப்பிட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது. எங்களிடம் அவள் மூச்சு விடவில்லை. வீட்டில் கிடந்த பழைய டேப்லெட்டில் அவளுடைய மெயில் திறந்தே இருந்ததால் சுஜாதா கண்ணில் பட்டது. குற்றத்தின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. ஆள்மாறாட்டம்.

அதைப் படித்ததும் மகளை நினைத்துப் பதறியிருக்க வேண்டும். பதறினேன்தான், ஆனால் அது இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது திருப்பதியில் ஒரு சீஃப் வார்டன் அறை. அதன் வாசலில் மொட்டைத் தலையோடு நின்ற என் நைனா, என் அப்பா. அதுவரை இருபத்தைந்து வருஷமாக நான் யாரிடமும், பெண்டாட்டியிடம்கூட, சொல்லாத கதை அது. ஊரில் இருக்கிற உங்களுக்கு இப்போது எழுதுகிறேன். தூரத்தில் இருக்கிறீர்கள் என்கிற தைரியம்தான்.

2

நான் பிச்சாட்டூர்ப் பக்கம். ஆந்திராவில் பிறந்த தமிழன். இங்கே தமிழ்ச் சங்கத்துக்குப் போனால் "நீங்க தெலுங்கா?" என்பார்கள். தெலுங்குச் சங்கத்துக்குப் போனால் என் தெலுங்கைக் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு இட்லி பரிமாறுவார்கள். இரண்டு இடத்திலும் நான் சந்தா கட்டுவதில்லை.

எங்கள் நைனா முனுசாமி கூலிக்காரர். ரொம்ப நாள் கழித்து அரசாங்கம் கொடுத்த பட்டாவில் கொஞ்சம் நிலம் வந்தது. கடலை போட்டார். தமிழில் தன் பெயரை எழுதுவார், அதற்கு மேல் தெரியாது. நான் டிகிரி முடித்துக் கம்ப்யூட்டர் படிப்புக்குத் திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கியபோது தொண்ணூறுகளின் கடைசி. கம்ப்யூட்டர் படித்தவனெல்லாம் ஐதராபாத் போய், அங்கிருந்து ப்ளேன் ஏறிக்கொண்டிருந்த காலம். எங்கள் தெருவில் அதுவரை யாரும் புத்தூரைத் தாண்டிப் படிக்கப் போனதில்லை.

விடுதி விதிகள் வாசல் சுவரில் எழுதி மாட்டியிருக்கும். லுங்கியோடு வராந்தாவில் நடக்கக் கூடாது. ஒன்பது மணிக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. லைப்ரரிப் படிக்கட்டைத் தாண்டிப் பெண்களோடு பேசக் கூடாது. வரிசையாக இன்னும் பல கூடாதுகள். கடைசி விதி மட்டும் வேறு மாதிரி: எந்த விதியை மீறினாலும் தகப்பனார் நேரில் வந்து, சீஃப் வார்டன் முன்னால் கையெழுத்துப் போட்டு, மகனின் நடத்தைக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

மேகனாவின் பல்கலைக்கழக விதிகளை இப்போது உட்கார்ந்து படித்தேன். நாற்பது பக்கம். லுங்கியைப் பற்றி ஒரு வரி இல்லை. தகப்பனைப் பற்றியும் இல்லை. திருப்பதியில் அப்பன் வராமல் பையனுக்கு வகுப்பில்லை, இங்கே பிள்ளைக்கு அப்பன் என்று ஒருவன் உண்டா என்றே யாரும் கேட்பதில்லை.

3

அந்தக் கடைசி விதியிலிருந்துதான் காமன் நைனா, எங்கள் எல்லாருக்கும் பொதுவான நைனா, பிறந்தார்.

உண்மைப் பெயர் வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் மேஜை போட்டு மனு எழுதிக் கொடுப்பவர். முறுக்கு மீசை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. நல்ல சுத்தமான தெலுங்கு. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்திலிருந்து வந்த எங்களைப் போன்ற பையன்களுக்கு அவர்தான் தகப்பன். நன்றாக ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் போதும், விடுதிக்கு வந்து கண்கலங்கி, எங்கள் தலையில் ஒரு குட்டு வைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவர் தொழிலுக்கும் ஒரு தர்மம் இருந்தது. திருப்பதியில் காலேஜ் விடுதிகள் நிறைய, ஒரே வார்டன் முன்னால் இரண்டு பையன்களுக்கு நைனாவாக வரமாட்டார்.

"உங்க சொந்த நைனாவைக் கூட்டினு வந்தா இன்னாடா?" என்று எப்போதாவது எங்களையே கேட்பார்.

காரணம் அவருக்கும் தெரியும். எங்கள் நைனாக்கள் வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். அது பாதி நிஜம். மீதியையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வெட்கம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தமிழும் தெலுங்கும் குழம்பிய பேச்சோடு, வார்டன் எதிரே நாற்காலி இருந்தும் உட்காராமல் நிற்கிற மனுஷனை எங்கள் வகுப்புப் பையன்கள் பார்ப்பார்களே என்கிற வெட்கம்.

முதல் வருஷம் ஒரு நாள் செகண்ட் ஷோ பார்த்துவிட்டுச் சுவர் ஏறிக் குதித்ததில் பிடிபட்டேன். காமன் நைனா வந்தார். 'முனுசாமி' என்று இங்கிலீஷில் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

4

இரண்டாம் வருஷம் மெஸ் சண்டை. சாதத்தில் புழு. சொல்லிச் சொல்லிப் பார்த்தோம், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மத்தியானம் தட்டுகள் பறந்தன, ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன. உடைத்தவர்கள் நூறு பேருக்குக் குறையாது. நோட்டீஸ் போர்டில் வந்த பெயர்கள் பன்னிரண்டு. பன்னிரண்டும், கேட்க நாதியில்லாத வீட்டுப் பெயர்கள். நான் ஒரு தட்டுதான் எறிந்தேன், அதுவும் காலித் தட்டு. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

வகுப்பிலிருந்து விலக்கி வைத்தார்கள். குறிப்பிட்ட தேதியில் தகப்பனார் வந்து பொறுப்பேற்காவிட்டால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இரண்டு மாதத்தில் கம்பெனிக்காரர்கள் வந்து வேலைக்கு ஆள் எடுக்கிற கேம்பஸ் தேர்வு. டி.சி. வாங்கினால் திரும்பவும் கடலைக்காடுதான். காமன் நைனாவிடம் போனேன். "அதே வார்டன், அதே பையன். தர்மம் கெடாது" என்று ஒத்துக்கொண்டார்.

எனக்குத் தெரியாமல் போன ஒன்று, இந்த முறை பல்கலைக்கழகமே ஊருக்கு நேராகப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டது. தெலுங்கில் அச்சடித்த கடிதம். தபால்காரர் படித்துச் சொல்லியிருக்கிறார். நைனா என்னிடம் சொல்லியனுப்பவில்லை. சொல்லியனுப்பப் போனும் இல்லை. அந்தத் தேதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

புறப்பட்டவர் நேராகப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தால் காலை எட்டு மணிக்கே விடுதியில் என்னைப் பார்த்திருப்பார். நான் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஆனால் எங்கள் பக்கத்து ஆளுக்குத் திருப்பதி மண்ணை மிதித்துவிட்டு மலையேறாமல் வேறு வேலை பார்க்க மனசு வராது. கோர்ட்டுக்கு வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் முதலில் மேலே. "புள்ளைய திரும்ப சேத்துக்கினா முடி தரேன்" என்று வேண்டிக்கொண்டு, சேர்ப்பதற்கு முன்னாலேயே முடியைக் கொடுத்துவிட்டார். சாமியிடமே முன்பணம் கட்டுகிற மனுஷன். முதல் நாளே நடந்து ஏறி, மொட்டை போட்டு, தரிசனம் பார்த்து, மறுநாள் நடந்தே இறங்கி வந்திருக்கிறார்.

5

பதினொரு மணி. சீஃப் வார்டன் மேஜைக்கு எதிரே நாற்காலியில் காமன் நைனா. பக்கத்தில் கை கட்டி நான். ஃபைல் திறந்திருந்தது. போன வருஷத்துக் கையெழுத்து அதில் வளைந்து வளைந்து கிடந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. சந்தனம் பூசிய மொட்டை, மீசையும் இல்லை, கையில் மஞ்சள் பை. ஒரு நொடி எனக்கே அடையாளம் தெரியவில்லை. பிறகு அந்தக் கால்களைப் பார்த்தேன். பித்தவெடிப்பு விட்ட, செருப்பில்லாத கால்கள்.

அட்டெண்டர் தடுத்தும் கேட்காமல் உள்ளே வந்து, பையிலிருந்து ஒரு லட்டை எடுத்து இரண்டு கையாலும் வார்டனிடம் நீட்டினார். பிரசாதத்தை மறுக்க முடியுமா? வார்டன் எழுந்து நின்று வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்குக் கோபம் ஞாபகம் வந்தது.

"எவருவய்யா நுவ்வு?" என்றார். யாரய்யா நீ.

"பில்லோடி நாயன சார்" என்றார் நைனா. பையனோட அப்பா.

வார்டன் காமன் நைனாவைப் பார்த்தார். மொட்டையைப் பார்த்தார். ஃபைலைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்து, "வீள்ளலோ மீ நாயன எவருரா?" என்றார். இவர்களில் உன் அப்பன் யாரடா?

காமன் நைனாவின் முகத்தில் ரத்தம் இல்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் "சொல்லிடுடா" என்று இருந்ததாக எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. சொல்லியிருந்தால் அவர் எப்படியாவது தப்பித்திருப்பார். நான்தான் மாட்டியிருப்பேன். பொய்த் தகப்பன், பொய்க் கையெழுத்து. புழுச் சாதத்துக்குத் தட்டெறிந்தவனை மன்னித்தாலும் மன்னிப்பார்கள், இதை மன்னிக்கமாட்டார்கள். கேம்பஸ் தேர்வு, ஐதராபாத், ப்ளேன் எல்லாம் என் கண் முன்னால் ஓடியது. யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். கை தானாக எழுந்தது. இஸ்திரிச் சட்டையைக் காட்டியது.

"ஈயன எவரு மரி?" என்றார் வார்டன் மொட்டையைக் காட்டி. அப்படியென்றால் இவர் யார்?

நைனாதான் பேசினார். ஒரே ஒரு முறை என் முகத்தைப் பார்த்தார். அதற்குள் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. படிக்காதவர் என்று நாங்கள் வெட்கப்பட்ட மனுஷன் அந்த அறையிலேயே முதலில் புரிந்துகொண்டவர்.

"அன்ன கொடுகு சார். நேனு சின்னாயன" என்றார். அண்ணன் மகன் சார், நான் சித்தப்பன். அப்புறம் காமன் நைனா பக்கம் திரும்பி, முன்னே பின்னே பார்த்திராத அந்த மனுஷனிடம், "வரேண்ணா, புள்ளைய பாத்துக்கோ" என்று தமிழில் சொல்லிவிட்டு, வார்டனுக்கு ஒரு கும்பிடு போட்டுப் பின்னோக்கியே நடந்து வெளியே போனார்.

கையெழுத்துப் போட்டு முடிய இன்னும் அரைமணி நேரம் ஆனது. நன்னடத்தை பற்றி வார்டன் நீண்ட பிரசங்கம் செய்தார். பெற்றவர்களை மதிக்காத தலைமுறை என்றார். நான் தலையாட்டினேன். வெளியே வந்து பார்த்தபோது நைனா இல்லை. வராந்தா கம்பியில் மஞ்சள் பை மாட்டியிருந்தது. மிச்ச லட்டும், ஒரு பொட்டலம் அவித்த கடலையும். காமன் நைனா அன்றைக்குச் சாப்பிட வரவில்லை. "எனக்கு வேணாம், போடா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் நைனாவாகப் போகவில்லை என்று கேள்வி.

நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. மத்தியானம் லேப் இருந்தது.

6

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். நைனாவுக்கு முடி அரை அங்குலம் வளர்ந்திருந்தது. அந்த நாளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. "வார்டன் நல்ல மனுசன், சேத்துக்கினாரு" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை கிடைத்தது. ஐதராபாத் போனேன், அங்கிருந்து இங்கே வந்தேன்.

எத்தனை ஃபாரம் பூர்த்தி செய்திருப்பேன்! பாஸ்போர்ட், விசா, குடியுரிமை, மேகனாவின் பிறப்புச் சான்று. எல்லாவற்றிலும் தகப்பனார் பெயர் என்று ஒரு கட்டம். முனுசாமி, முனுசாமி என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. ஒருவரும் சந்தேகப்படவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் அந்தக் கேள்வியை ஒருவர் என் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

நைனா செத்தபோது என் பேப்பர்கள் புதுப்பிப்பில் இருந்தன. வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள் என்றார் வக்கீல். போகவில்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான்.

7

மெயிலைப் பார்த்துவிட்டோம் என்று மேகனாவிடம் சொல்லி, விசாரணைக்கு நானே அவளை அழைத்துப் போனேன். கட்டிடத்துக்குள் வரவேண்டாம் என்றாள். "அப்பா ப்ளீஸ், யாரும் பேரண்ட்ஸைக் கூட்டிட்டு வரமாட்டாங்க." பனி கொட்டிய கார் நிறுத்தத்தில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்து கதவைச் சாத்தியவள், "ஒரு வருஷம் சஸ்பென்ஷன்" என்றாள். அழவில்லை. நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் பேசினாள்.

"நீங்க திட்டலாம். நீங்க இந்த மாதிரி எதுவும் பண்ணியிருக்கமாட்டீங்க."

அதற்குத்தான் சொன்னேன். காமன் நைனாவிலிருந்து மஞ்சள் பை வரை, ஒன்றையும் விடாமல். சொன்னால் அவள் கொஞ்சம் பக்கத்தில் வருவாள் என்று ஒரு ஆசை. அப்பாவும் நம்மைப் போல ஒரு ஆள்தான் என்று சிரித்தாலும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"தாத்தா எப்படி வீட்டுக்குப் போனாரு?" என்றாள்.

"பஸ்லதான் போயிருப்பாரு. ரேணிகுண்டா, புத்தூர், பிச்சாட்டூர்…"

"உங்களுக்குத் தெரியுமா, கெஸ் பண்றீங்களா?"

வைப்பரை இன்னும் கொஞ்சம் வேகமாக்கினேன்.

"கேக்கவே இல்லையா? இத்தனை வருஷத்துல?"

அப்புறம் வீடு வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். ஊரில் விடிந்திருக்கும். கோட்டைக்கூடக் கழற்றாமல் பிச்சாட்டூருக்கு, அக்காவுக்கு, போன் போட்டேன். அந்தக் காலத்தில் அவள் கல்யாணமாகாமல் வீட்டில் இருந்தவள். மேகனா மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில்தான் பேசினேன், அவளும் கேட்கட்டும் என்று.

"அக்கா, நான் திருப்பதியில படிக்கறப்ப நைனா ஒரு தபா மொட்ட போட்டுக்கினு என்னைப் பாக்க வந்தாரே, அன்னிக்கு வூட்டுக்கு எப்ப வந்து சேந்தாரு?"

"இன்னாடா விடிஞ்சதும் விடியாததுமா இந்தக் கேள்வி?" என்று சிரித்தாள் அக்கா. "அன்னிக்கு எங்க வந்தாரு? மூணு நாள் கழிச்சில்ல வந்தாரு. உன் கூடத்தான இருந்தாரு! புள்ள வுடவே மாட்டேன்னுட்டான், ரூம்புல அவன் கட்டில்ல என்னைப் படுக்க வச்சிட்டு அவன் கீழ படுத்துக்கினான்னு தெரு பூரா சொல்லிக்கினு திரிஞ்சாரே. ஆஸ்டல்ல சோறு மல்லிப்பூ மாதிரி இருக்குது, வயிறு ரொம்ப துன்னேன்னாரு. சாவுற வரைக்கும் சொல்லுவாரு. ஏன்டா, உனுக்கு ஞாபகம் இல்ல?"

மேகனா ஷூவை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்குதுக்கா" என்றேன். "என் கூடத்தான் இருந்தாரு."